கைக்குழந்தையும் கலையரங்கும்: பார்வையாளர் ஒழுங்கு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

ஈழத்துத் தமிழ் நாடகம் பற்றி இதுவரை எழுதப்பட்டுள்ள விமரிசனங்களைத் தொகுத்து நோக்கும்போது, அவற்றுட் பெரும்பாலானவை மேடையை நோக்கியே எழுதப்பட்டுள்ளமையை அவதானிக்கலாம். எழுத்துரு, நெறியாள்கை, ஆட்டம், வேடம், ஒளி என்பன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. மேடைக்கு எதிரே அமர்ந்திருந்தோர் யாவர், அவர்கள் எந்நேரத்தில் வந்தனர், எவரை வீட்டில் விட்டு வந்தனர், எவரை மடியில் வைத்திருந்தனர் என்னும் வினாக்கள் அபூர்வமாகவே எழுப்பப்பட்டுள்ளன. பேராசிரியர் கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்தபோது (அவ்வாய்வு 1981இல் ஆங்கில நூலாக வெளிவந்தது) ஆற்றுவோரையும் அவர்களைப் புரந்தோரையும் அவ்விரு சாராரிடையே நிலவிய சமூக உறவுகளையும் முதன்மைப்படுத்தினார். அந்த முறையியலை இன்றைய பார்வையாளர் வரை கொண்டு வருதல் எம்முன் உள்ள பணியாகும். அப்பணியின் ஒரு சிறு கூற்றையே இக்கட்டுரை எடுத்துக் கொள்கிறது. அரங்குக்குக் கைக்குழந்தையுடன் வரலாமா, வருவதாயின் அயலில் இருப்போர்க்கு நாம் கடமைப்பட்டது யாது என்பதே அக்கூறு.

இதனை அற்ப விடயமெனத் தள்ளிவிடுவோர், 2024 ஏப்ரில் மாதத்தில் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் நிகழ்ந்ததைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். அந்நகரின் நகைச்சுவை விழாவின்போது அதீனியம் அரங்கில் ஆர்ஜ் பார்க்கர் என்னும் கலைஞர் தனிநபர் நிகழ்ச்சியொன்றை நடத்திக் கொண்டிருந்தார். ஏழு மாதக் குழந்தையுடன் வந்திருந்த தாயொருவரை, நிகழ்ச்சிக்கு இடையூறு ஏற்படுவதாகக் கூறி, மேடையில் நின்றவாறே வெளியேறுமாறு அவர் கேட்டார். தாய் வெளியேறினார்; வேறு சிலரும் அவரோடு எழுந்து சென்றனர். 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியது என அந்நிகழ்ச்சி அறிவிக்கப்பட்டிருந்தது. எனினும் வாசலில் அத்தாயை எவரும் தடுக்கவில்லை. அடுத்து வந்த நாட்களில் இது நாடளாவிய வாதமாயிற்று. குழந்தை எழுப்பிய ஒலி எத்தகையது என்பதிலேயே இரு தரப்பும் உடன்படவில்லை. மேடையில் நிற்பவரின் உழைப்பு, நுழைவுச்சீட்டு வாங்கியோரின் உரிமை என ஒரு தரப்பும், தாய்மாரைப் பொதுவெளியிலிருந்து அகற்றும் மனோபாவம் என மறு தரப்பும் பேசின. இரு தரப்பிலும் ஓரளவு நியாயம் இருந்தது. குழந்தை இருக்கத்தகாத இடமாக அரங்கு எப்போது, எவரால், எதன்பொருட்டு ஆக்கப்பட்டது என்னும் வினாவோ பெரும்பாலும் கேட்கப்படவில்லை.

எம்மவரிடையே இது தொடர்பாக நிலவும் பொது அபிப்பிராயம் ஒன்றுண்டு. அமைதியாக அமர்ந்து நாடகம் பார்த்தல் மேலைத்தேயத்தவரின் இயல்பு என்றும், சந்தடியோடும் பிள்ளைகுட்டிகளோடும் பார்த்தல் எமது இயல்பு என்றும் அது கூறும். நாகரிகம் பேசுவோர் இதனை வெட்கத்தோடும், மரபு பேசுவோர் பெருமையோடும் எடுத்தாள்வர். இரு சாராரும் வரலாற்றை நோக்காதவர்களே. 1850ஆம் ஆண்டில் சார்ள்ஸ் டிக்கன்ஸ் தாம் நடத்திய வார இதழில் இலண்டன் தொழிலாளரின் பொழுதுபோக்குகள் பற்றி எழுதினார். தேம்ஸ் நதியின் தென்கரையில் அமைந்த றோயல் விக்டோரியா அரங்கின் கீழ்த்தளத்தை அவர் வருணிக்கும் பகுதி இங்கு எமது கவனத்துக்குரியது. இளந்தொழிலாளர் தத்தம் மனைவியரோடும் கைக்குழந்தைகளோடும் அங்கு நிறைந்திருந்தனர். மேடையிற் காட்டப்பட்ட விந்தைகளைக் காட்டிலும், அந்தச் சந்தடியினிடையே அயர்ந்து உறங்கிய குழந்தைகளின் முகங்களே அவரது மனதிற் பதிந்தன. அங்கிருந்தோர் கொண்டுவந்த பொரித்த மீனையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. மட்டக்களப்புக் கூத்துக் களரியை அறிந்தவர்க்கு இக்காட்சி அந்நியமானதன்று.

அதே அரங்கு 1880இல் எம்மா கொன்ஸ் என்னும் சமூக சீர்திருத்தவாதியின் பொறுப்பில் மது விலக்கப்பட்ட, ‘தூய்மை’ செய்யப்பட்ட பொழுதுபோக்கு மண்டபமாகத் திறக்கப்பட்டது. கைக்குழந்தைகளுக்கு அனுமதியில்லை என்னும் வரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாடக விளம்பரத் தாள்களில் அடிக்கடி இடம்பெறலாயிற்று. 1876இல் திறக்கப்பட்ட வாக்னரின் பைறொய்த் விழா அரங்கில் பார்வையாளர் பகுதி இருளில் ஆழ்த்தப்பட்டது. மேடையன்றிப் பிறிதெதுவும் கண்ணிற் படலாகாது என்பது அதன் உட்கிடை. அமெரிக்காவில் சேக்ஸ்பியரின் நாடகங்கள், கூச்சலிட்டும் குறுக்கிட்டும் பார்த்த பலதரப்பட்ட மக்களின் பொதுச் சொத்தாயிருந்த நிலையிலிருந்து, கற்றோர் மௌனமாக அமர்ந்து வணங்கும் பொருளாக மாறியமையை லோறன்ஸ் லெவின் 1988இல் வெளியிட்ட தமது நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். சுருங்கக் கூறின், அரங்கின் மௌனம் ஒரு தேசத்தின் இயல்பன்று. எழுச்சியுற்ற ஒரு வர்க்கம் தனக்கெனச் சமைத்துக் கொண்ட ஒழுங்கு அது.

இவ்வொழுங்கின் பொருளியல் அடித்தளம் நுழைவுச்சீட்டிலே தெளிவாகத் தெரிகிறது. இலக்கமிடப்பட்ட இருக்கையை வாங்கியவர் கூட்டத்தின் ஓர் அங்கம் என்னும் நிலையிலிருந்து விலகித் தனி நுகர்வோராகிறார். தம் கண்ணுக்குப் புலப்படும் காட்சியையும் காதுக்கு எட்டும் ஒலியையும் விலை கொடுத்துப் பெற்ற பண்டமாக அவர் கருதத் தலைப்படுகிறார். அயலிருக்கைக் குழந்தை அப்பண்டத்தின் தரத்தைக் குறைக்கும் பழுதாக அவருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. புகை பிடித்தவாறு குத்துச்சண்டை பார்க்கும் கூட்டத்தைப் போலத் தம் பார்வையாளர் விழிப்போடும் தளர்வோடும் இருத்தல் வேண்டும் என பிறெக்ற் விரும்பியமைக்கு இந்நுகர்வோர் மீதான வெறுப்பும் ஒரு காரணமாகும். ஆயின் அவர் கற்பனை செய்த அந்தக் கூட்டத்திலும், நாம் அறிந்தவரை, மடியிற் பிள்ளையுடன் எவரும் இல்லை. புகை பிடிக்கும் பார்வையாளர் அவரது சிந்தனையில் இடம்பெற்றார்; பாலூட்டும் பார்வையாளர் இடம்பெறவில்லை.

எமது மரபில் அமைதியின் மேன்மை பேசப்படாமலில்லை. நாட்டிய சாஸ்திரம் ஆற்றுகையின் வெற்றியை மானுட சித்தி, தெய்விக சித்தி என இரண்டாக வகுக்கிறது. சிரிப்பு, வியப்பொலி, பாராட்டுரை, ஆரவாரம் முதலாயின முன்னதன் அடையாளங்கள். ஓசையும் குழப்பமுமின்றி நிறைந்திருக்கும் சபை பின்னதன் அடையாளம். சாய்ந்தமருதுக்கு அயலூரான காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர், 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யிலே வடமொழி நாடக இலக்கணத்தையும் சேக்ஸ்பியரையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தார். அவரது கவனம் நாடகத்தின் யாப்பிலும் சுவையிலும் நிலைகொண்டது. அக்காலத்து அறிஞரிடம் அதற்கு மேல் எதிர்பார்த்தல் நியாயமன்று. எனினும் இத்தகைய நூல்களில் தலைகாட்டாத வேறொரு அரங்கு அவர் பிறந்த மண்ணின் தமிழ்க் கிராமங்களில் உயிரோடிருந்தது.

வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் வட்டக்களரியில் இரவு தொடங்கி விடியும்வரை ஆடப்பட்டன. களரியின் நடுவே மத்தளத்தோடு அண்ணாவியார் நிற்பார். சல்லரி போடுவோரும் பிற்பாட்டுக்காரரும் அவரைச் சூழ்ந்திருப்பர். களரியைச் சுற்றிவரப் பாய்களை விரித்துக் குடும்பம் குடும்பமாகச் சனங்கள் அமர்ந்திருப்பர். குழந்தை பாயில் உறங்கும்; போர்க்கட்டத்து மத்தள ஒலியில் விழிக்கும்; பால் குடித்து மீண்டும் உறங்கும். இதனை வெறும் கிராமியச் சித்திரமாக நோக்குவது போதாது. இதனை இயலச் செய்த வடிவக் கூறுகள் எவை என ஆராய்தல் விமரிசகரின் கடமையாகும். ஒவ்வொரு பாத்திரமும் நீண்ட வரவுத் தாளத்துடன் களரிக்குள் நுழைகிறது. பாத்திரம் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் மீளப் பாடுகின்றனர். கதையோ முன்னரே அறியப்பட்டது. களரி நாற்புறமும் திறந்திருப்பதால், பிள்ளை அழுதால் எவரையும் தாண்டாமலே தாய் எழுந்து செல்லலாம். அவர் அரைமணி நேரம் கழித்து வந்தாலும் கர்ணன் இன்னும் தன் மனைவியிடம் விடைபெற்றுக் கொண்டுதானிருப்பான். கூத்தின் திரும்பக் கூறலும் மந்த கதியும் நவீன இரசிகருக்கு அலுப்பூட்டுவன என எழுதியோர் பலர். அத்திரும்பக் கூறல் எவருக்குத் தேவைப்பட்டது என அவர்கள் கேட்கவில்லை. இடையிடையே எழுந்து செல்ல வேண்டியவர், கவனத்தைப் பகிர்ந்து கொள்ள வேண்டியவர், அதாவது பிள்ளை வளர்ப்பவர், கதையை இழக்காதிருப்பதற்கான அமைப்பு அதனுள் இருந்தது என்பதே எமது கருத்து. அண்ணாவிமார் இதனைத் திட்டமிட்டுச் செய்தனர் என நாம் கூறவரவில்லை. தம் முன் இருந்த சபையின் தேவைகள் நூற்றாண்டுக் கணக்கில் வடிவத்தைச் செதுக்கியுள்ளன.

(தமிழகத்து நாடக வரலாற்றிற் கூறப்படும் செய்தியொன்றும் இங்கு நினைவுக்கு வருகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் எமன் வேடத்தில் மேடைக்கு வந்தபோது, அவரது தோற்றத்தையும் குரலையும் கண்டு கேட்டு அஞ்சிய கர்ப்பிணி ஒருவருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது என்றும், அதன் பின்னர் அவர் வேடம் புனைவதைக் கைவிட்டார் என்றும் கூறுவர். செய்தியின் உண்மை எவ்வாறாயினும், அதனைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தோர் கர்ப்பிணி அங்கு ஏன் வந்தார் என்று கேட்டதாகத் தெரியவில்லை. மேடையில் நிற்பவரே சபையிலுள்ளோர்க்குப் பொறுப்புடையவர் என்பது அக்கதையின் எடுகோளாகும்.)

படச்சட்ட மேடை எம்மை வந்தடைந்த வழி வேறு. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையும், அதன் வழியில் கலையரசு க. சொர்ணலிங்கம் 1913இல் நிறுவிய லங்கா சுபோத விலாச சபையும் படித்த நடுத்தர வகுப்பினரின் அரங்குகளாகும். நேர ஒழுங்கும் சபை ஒழுங்கும் அவற்றின் பெருமைகளாயிருந்தன. பின்னர் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், சரச்சந்திரவின் ‘மனமே’ (1956) தந்த உந்துதலோடு, விடிய விடிய ஆடப்பட்ட கூத்தை ஓரிரு மணித்தியாலங்களுக்குச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964) ஆகியன இவ்வகையில் மேடையேறின. இழிவெனக் கருதப்பட்ட ஒரு கலையைப் பல்கலைக்கழக மண்டபத்துக்கு உயர்த்தியமை சாதாரண சாதனையன்று. சாதி மேலாண்மையின் முகத்தில் அது விழுந்த அறையுமாகும். ஆயினும் அச்சுருக்கத்தின் விளைவொன்றை இதுவரை கணக்கிலெடுத்தோர் மிகச் சிலரே. திரும்பக் கூறல் நீங்கியது; நாற்புற வழி மூடப்பட்டது; சபை இருளில் வரிசையாக அமர்ந்தது. கூத்து மண்டபத்துள் வந்தபோது அதன் ஆட்டமும் பாட்டும் உடன் வந்தன. பாயும் பிள்ளையும் வெளியில் நின்றன. சி. மௌனகுருவின் ‘சங்காரம்’ (1969) சுரண்டலுக்கெதிரான போராட்டத்தைக் கூத்துருவிற் சொன்ன முன்னோடி முயற்சி. உழைக்கும் மக்களைப் பாத்திரமாக்கிய அந்நாடகமும் ஏறத்தாழ இதே மேடை ஒழுங்கினுள்ளேயே நிகழ வேண்டியிருந்தது. 1985இல் மேடையேறிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ யாழ்ப்பாணத்துக் கிராமங்கள்தோறும் சென்றதும், சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் கூத்தை ஆடிய சமூகத்தின் முற்றத்திலேயே வைத்துப் பேசியதும், இவ்விடயத்தில் எதிர்த்திசையில் எடுக்கப்பட்ட முக்கிய அடிகளாகும்.

சாய்ந்தமருதின் நிலை மேலும் சிக்கலானது. கல்முனைக்குடிக்கும் காரைதீவுக்கும் இடையே, கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருங்கி அமைந்த இம்முஸ்லிம் ஊரில் கூத்துக் களரி வேரூன்றவில்லை. ‘அலிபாதுஷா நாடகம்’ போன்ற இஸ்லாமியத் தமிழ் நாடக நூல்கள் தோன்றியிருப்பினும் இக்கரையோரத்தில் அவை தொடர்ந்த அரங்க மரபாக வளரவில்லை. பொல்லடி, றபான், கவியரங்கு, பாடசாலைக் கலைவிழா என்பவையே இங்கு மக்கள் கூடும் நேரடி ஆற்றுகைகள். கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற விழாவும் குடும்பங்கள் பிள்ளைகளோடு கூடும் பெருவெளியாக இருந்து வந்துள்ளது. மார்க்கச் சீர்திருத்த இயக்கங்கள் அண்மைத் தசாப்தங்களில் இத்தகைய கூடல்களைக் கண்டித்து வந்துள்ளன. பெண்கள் பிள்ளைகளுடன் தயக்கமின்றிச் சென்றுவந்த வெளி அந்த அளவுக்குக் குறுகியுள்ளது.

இத்தகைய கூடல்களிற் பரவலாகப் பின்பற்றப்படும் இருக்கை ஒழுங்கு ஊன்றி நோக்கத்தக்கது. ஆண்கள் ஒரு புறமும் பெண்கள் மறு புறமும், அல்லது பெண்கள் பின்வரிசைகளிலும் அமர்வர். இவ்வொழுங்கின் தவிர்க்கவியலாத விளைவு, கைக்குழந்தைகள் அனைத்தும் பெண்கள் பகுதியிலேயே சேர்வதாகும். அப்பகுதியிலிருந்து சத்தம் எழுவதும், முன்வரிசை ஆண்கள் திரும்பிப் பார்ப்பதும், ‘புள்ளைகளை வெளியே கொண்டு போங்க’ என ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் நாம் பலமுறை கண்டவை. பிள்ளையின் தந்தை முன்வரிசையில் அமைதியாக இரசித்துக் கொண்டிருப்பார். பெண்கள் கலையை மதிக்கத் தெரியாதோர் என்னும் முடிவு இவ்வாறு பௌதிக ஆதாரத்துடன் ‘நிறுவப்படுகிறது’. சீதனக் கொடுமையைச் சாடும் நாடகம் மேடையில் நிகழும்போது, அதன் பாடுபொருளான பெண்கள் மண்டபத்துக்கு வெளியே பிள்ளையைத் தோளிற் போட்டுத் தட்டிக் கொண்டு நின்றதையும் நாம் கண்டதுண்டு. நாடகத்தின் முற்போக்குத் தன்மையை எழுத்துருவில் மட்டும் தேடும் விமரிசனம் இம்முரண்பாட்டைக் காணாது.

தாய்வழிக் குடிமுறையும், மணமான பெண் தாய் வீட்டிலோ அதன் அயலிலோ வாழும் வழக்கமும் கொண்டது இப்பிரதேசம். டெனிஸ் மக்கில்வ்றே 2008இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாக ஆராய்கிறது. உம்மாவும் சாச்சியும் ராத்தாவும் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ இருந்த காலத்தில் பிள்ளையை ஏணையிலிட்டு ஒருவரிடம் ஒப்படைத்துச் செல்லுதல் எளிதாயிருந்தது. 1970களின் பிற்பகுதி முதல் இளந்தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லத் தொடங்கினர். வயதான உம்மாமார் முழுநேர வளர்ப்புத் தாயராயினர். 2004 சுனாமி கரையோர வளவுகளைத் துடைத்தழித்தது. இடம்பெயர்ந்தோரிற் பலர் குடியேறிய பொலிவேரியன் கிராமம், தென்னமெரிக்க விடுதலை வீரரின் பெயரைச் சாய்ந்தமருது மண்ணில் நிலைநாட்டியது. ஆனால் வரிசையாகக் கட்டி வழங்கப்பட்ட வீடுகளிற் பழைய வளவின் நெருக்கம் தானாக அமைந்துவிடாது. ‘வீட்டில் யாரிடமாவது விட்டு வரலாமே’ எனக் கூறுவோர், அந்த ‘யாராவது’ எங்கே போனார் என்பதை இவ்வரலாற்றிற் தேடுதல் வேண்டும். அரசின் கணக்கும் வேடிக்கையானது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் வெளிநாட்டு வீட்டுப் பணிக்குச் செல்வதை 2013இல் அது கட்டுப்படுத்தியது. பொருளாதாரம் சரிந்து அந்நியச் செலாவணி அவசியமான 2022இல், அவ்வெல்லையை இரண்டு வயதாகக் குறைக்க அமைச்சரவை இசைந்தது. டொலர் தேவைப்படும்போது தாய் பிள்ளையைப் பிரியலாம். நாடகம் பார்க்கப் பிரிவதற்கோ, பிரியாமல் வருவதற்கோ வழி செய்வோர் இல்லை.

ஏங்கெல்ஸ் 1884இல் எழுதிய குடும்பத்தின் தோற்றம் பற்றிய நூலின் முன்னுரையில், வாழ்க்கைச் சாதனங்களின் உற்பத்தியையும் மனிதரின் உற்பத்தியையும் ஒருங்கு வைத்துப் பேசுகிறார். பேராசிரியர்கள் கைலாசபதிக்கும் சிவத்தம்பிக்கும் ஆசானாக விளங்கிய ஜோர்ஜ் தொம்சன், உழைப்பின் தாளத்திலிருந்து பாடல் பிறந்தமையை விளக்கினார். இவ்விரண்டையும் இணைத்து நோக்கின், தாலாட்டு ஒரு தொழிற்பாடல் என்னும் முடிவுக்கு வரலாம். சாய்ந்தமருதைச் சேர்ந்த எஸ். எச். எம். ஜெமீல் ‘கிராமத்து இதயம்’ என்னும் தொகுப்பில் இப்பிரதேசத்து முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைப் பேணித் தந்துள்ளார். இவ்வூர்ப் பெண்களின் கவியும் தாலாட்டும் ஏணையருகிலும் அடுப்பருகிலும் களத்துமேட்டிலும் பாடப்பட்டன. அக்கலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையே சுவர் இருக்கவில்லை. இன்று அப்பாடல்கள் ‘நாட்டார் கலை நிகழ்ச்சி’ என்னும் பெயரில் மேடையேறும்போது, அவற்றைப் பாடிய பெண்களின் பேத்திகளிடம் பிள்ளையோடு உள்ளே வரவேண்டாம் என்கிறோம்.

இவ்விடத்து எமது வாசகரிற் சிலர் தயங்கக்கூடுமாயினும், ஒரு ஹதீஸைச் சமூக ஆவணமாகக் கருதிச் சுட்டிக்காட்டுதல் பொருத்தமாகும். தொழுகையை நீட்ட எண்ணி நிற்கும்போது குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாய்க்குச் சிரமம் கொடுக்க விரும்பாது தொழுகையைச் சுருக்கிக் கொள்வதாக நபியவர்கள் கூறியமை புகாரித் தொகுப்பிற் பதிவாகியுள்ளது. கூடலின் மிக உயர்ந்த ஒழுங்கே குழந்தையின் பொருட்டு நெகிழ்கிறது, தாய் வெளியேற்றப்படவில்லை. பெண்களைக் கூடல்களிலிருந்து விலக்க மார்க்கத்தைத் துணைக்கழைப்போர் இப்பதிவை எடுத்துரைப்பது குறைவு.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். மேற்கூறியவற்றைக் கொண்டு, ‘மக்கள் அரங்கில் சத்தம் இருக்கத்தான் செய்யும், முறைப்படுவோர் பூர்ஷுவாக்கள்’ என முடிவு கட்டுவது மலிவான மக்கள்வாதமாகும். ஒலிவாங்கியின்றி நடிப்பவரின் குரல் ஓர் உழைப்புச் சாதனம். திரைப்படத்தின் நடிகருக்குக் கொட்டகையில் அழும் குழந்தை கேட்பதில்லை. மேடை நடிகருக்குக் கேட்கிறது. அவரது மூச்சும் இடைநிறுத்தமும் அதனாற் சிதைகின்றன. மாதத்தில் ஒருநாள் ஓய்வு பெற்று நாடகம் பார்க்க வந்த நெசவுத் தொழிலாளிக்கும் ஒரு சொல்லும் தவறாமல் கேட்கும் உரிமையுண்டு. செவிப்புலன் குன்றிய முதியவருக்கு அவ்வுரிமை மேலும் கூர்மையானது. எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வாதத்தில் எவரும் விசாரிக்காத ஒருவர் குழந்தையே. ஆளுயர ஒலிபெருக்கிகளுக்கு அருகே, புழுக்கமான மண்டபத்தில், உறங்கும் நேரத்தில் அதனை மூன்று மணித்தியாலம் வைத்திருத்தல் எவரது உரிமையும் ஆகாது. பிள்ளை அடங்காது அழும்போது உடனே எழுந்து வெளியே கொண்டு செல்லுதல் குறைந்தபட்சக் கடமை. அதனைச் செய்யாது ‘பிள்ளை என்றால் அழும்தான்’ என அமர்ந்திருப்பவர், தம் போன்ற ஏனைய தாய் தந்தையர்க்கே வாசலை அடைக்கிறார். ஆயின் அக்கடமையை நிறைவேற்ற வழி வேண்டும். வரிசையின் நடுவே அமர்த்தப்பட்டவர் இருளில் இருபது முழங்கால்களைத் தாண்டி எவ்வாறு விரைந்து செல்வார்?

பிற நாடுகள் கண்ட தீர்வுகள் சில கவனத்துக்குரியன. கேரளத்தில், திருவனந்தபுரத்துக் கைரளி திரையரங்கத் தொகுதியில் 2022இல் ‘அழுகை அறை’ ஒன்று திறக்கப்பட்டது. ஒலி புகாத கண்ணாடிச் சுவருக்குப் பின்னாற் தொட்டிலும் இருக்கையும் வைக்கப்பட்டன. அரசுத் துறையின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. திரைப்படத்துக்கு அது ஓரளவு பொருந்தும். நேரடி அரங்கில் கண்ணாடி விழுந்த கணமே ஆற்றுவோருக்கும் பார்ப்போருக்கும் இடையிலான உறவு அறுந்துவிடும். மேலும் அது திரைச்சீலையின் நவீன வடிவம். தாய் பார்க்கலாம், பார்வையாளராக இருத்தல் இயலாது. இத்தாலியின் பொலோஞா நகரில் லா பறாக்கா குழுவினர் 1987 முதல் மூன்று வயதுக்குட்பட்டோருக்கென்றே நாடகங்களை ஆக்கி வருகின்றனர். (வால்டர் பெஞ்சமின் 1920களின் இறுதியில் ஆஸ்யா லாசிஸுக்காக எழுதிய பாட்டாளி வர்க்கச் சிறுவர் அரங்கத் திட்டங்கூட நான்கு வயதிலேயே தொடங்குகிறது.) 2011 ஒக்டோபரில் நியூயோர்க்கில் ‘தி லயன் கிங்’ இசைநாடகம், ஓட்டிசம் உள்ள சிறுவரையும் அவரது குடும்பத்தையும் கருதி, ஒலியும் ஒளியும் தணிக்கப்பட்டு, எழுந்து நடமாட இடமளித்து நிகழ்த்தப்பட்டது. இத்தகைய ‘தளர்வு’ ஆற்றுகைகள் பின்னர் பிரித்தானியாவிலும் பரவின. இவற்றிலும் ஓர் எல்லையுண்டு: தளர்வு ஒரு தனிக் காட்சியாக ஒதுக்கப்படும்போது ஏனைய காட்சிகளின் விறைப்பு கேள்விக்குள்ளாகாது போய்விடுகிறது. எனினும் நேரம், ஒளி, வழி ஆகிய மூன்றும் ஏற்பாட்டாளர் மாற்றக்கூடியவை என்பதை அவை நடைமுறையிற் காட்டியுள்ளன.

எமது சூழலில் இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. அஸருக்குப் பின் மக்ரிபுக்கு முன் முடியும் பகற்காட்சி ஒன்று. வாசலை ஒட்டிய பக்கத்திற் பன்பாய் விரித்த இடம். அங்கு முற்றாக அணைக்கப்படாத விளக்கு. ஒலிபெருக்கியை அப்பக்கத்திலிருந்து அகற்றுதல். எல்லாப் பிள்ளைகளோடும் வரத்தக்க நாடகம் இது, தனியே வரவேண்டிய நாடகம் இது என முன்கூட்டியே அறிவித்தல். பின்னதற்கும் இடம் வேண்டும்; நுண்ணிய உரையாடலையும் மௌனத்தையும் நம்பிய நாடகத்தைக் களரியின் அளவுகோலால் அளத்தல் தவறு. அத்தகைய நாடகத்துக்குப் பிள்ளையை விட்டு வருவதாயின், விட்டு வருவோரும் பார்த்துக் கொள்வோரும் முறை மாறுதல் அவசியம். ஒருநாட் காட்சிக்குத் தாய், மறுநாட் காட்சிக்குத் தந்தை என்பது நாம் அறிந்த ஓரிரு குடும்பங்களில் நடைமுறையில் உள்ளது. இரு நாட் காட்சி இருந்தால் மட்டுமே அது இயலும். எமது நாடகக் குழுக்களோ பெரும்பாலும் ஒரே இரவோடு நாடகத்தை முடித்துக் கொள்கின்றன.

இருக்கை ஒழுங்கைப் பொறுத்தவரை, ஆண் பெண் பிரிப்பை ஒரே நாளில் மாற்ற இயலாதெனக் கூறுவோரோடு நாம் இங்கு வாதிடப் போவதில்லை. பாய் விரித்த இடத்தை இரு பகுதிகளிலும் அமைக்கலாம் என்பதே எமது யோசனை. ஆண்கள் பகுதியின் வாசலோரத்திலும் ஒரு பாய் விரிக்கப்பட்டு, கைக்குழந்தையோடு வரும் வாப்பாமார் அங்கு அமரலாம் என அறிவிக்கப்படட்டும். முதல் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு அப்பாய் வெறுமையாகவே கிடக்கும்.